தீயின் முன் யார் பதில் சொல்வது?

2024 மே 19ஆம் திகதி, நுவரெலியாவை அடுத்த சீத்தா எலியவில் சீதையம்மன் ஆலயக் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்காக அயோத்தியிலிருந்து சரயு நதித் தீர்த்தம் வந்திருந்தது. கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு முரண் கண்ணில் படும். அயோத்தியின் பட்டத்து ராணியாக இருந்த சீதையை, ஊர்வாய்க்குப் பயந்து காட்டுக்கு அனுப்பியது அந்த ஊர்தான். அவள் சிறையிருந்ததாகச் சொல்லப்படும் மலைக்கு இப்போது அங்கிருந்தே தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆலயம் நுவரெலியா நகரிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், ஐந்து கிலோமீற்றர் அளவில், தெருவோரமாகவே இருக்கிறது. உள்ளே போய்ப் படியிறங்கினால் குளிர்ந்த ஓடை ஒன்று பாறைகளுக்கிடையே ஓடும். சீதை நீராடிய ஓடை அது என்பார்கள். கரைப் பாறையில் சிறிதும் பெரிதுமாகக் குழிகள் தெரியும். அவை அனுமன் பாதம். சிறு உருவிலும் பேருருவிலும் அவன் கால் பதித்த இடங்களாம். நூறாண்டுக்கு முன் இந்த ஓடையில் சிலைகள் கிடைத்தன, அவற்றை வைத்தே வழிபாடு தொடங்கியது என்பது ஆலயத்தார் சொல்லும் வரலாறு. சற்று மேலே ஹக்கல தாவரவியல் பூங்கா. சிங்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காக 1861இல் வெள்ளைக்காரர் தொடங்கிய அந்தப் பூங்காவின் சுற்றுவட்டம்தான் அசோகவனம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் காட்டுவார்கள்.

அதே வீதியில் வெலிமடைப் பக்கமாக இன்னும் பதினைந்து கிலோமீற்றர் அளவு இறங்கினால் திவுரும்பொல. சீதை தீக்குளித்த இடமாகச் சொல்லப்படுவது இது. இருப்பதோ பௌத்த விகாரை. காணித் தகராறு, கொடுக்கல் வாங்கல் வழக்கு என்று வரும் சுற்றுவட்டாரத்து மக்கள் இன்றைக்கும் அங்கே போய்ச் சத்தியம் செய்கிறார்கள்.

சீதையின் வாழ்க்கையில் எழுத்தாளர்களை அதிகமாகச் சங்கடப்படுத்திய இரண்டு கட்டங்கள் இப்படி ஒரே பஸ் பாதையில் வந்து விழுந்திருக்கின்றன. ஒன்று சிறை, மற்றது தீ. மாற்றான் வீட்டில் இருந்தவளை ராமன் எப்படி ஏற்றான்? அவளைத் தீயில் இறங்க வைத்தது நியாயமா? இரண்டாயிரம் ஆண்டுகளாக, மொழிக்கு மொழி, மதத்துக்கு மதம், இந்த இடத்தில் பேனா தயங்கியிருக்கிறது. தயங்கிய ஒவ்வொருவரும் வேறொரு சீதையை எழுதினார்கள்.

வால்மீகியின் யுத்த காண்டத்தில் ராமனின் பேச்சு கேட்கக் கூசும். உனக்காக நான் போர் செய்யவில்லை, என் குலத்தின் மானத்துக்காகச் செய்தேன் என்கிறான். விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று சொல்லி, இலக்குவனையும் பரதனையும் சுக்கிரீவனையும் விபீடணனையும் பெயர் சொல்லிக் காட்டுகிறான். சீதை அழுகிறாள், ஆனால் அழுதுவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. கீழ்த்தரமான ஆண் கீழ்த்தரமான பெண்ணிடம் பேசுவதுபோலப் பேசுகிறீர்களே என்று சபையறியக் கேட்கிறாள். பிறகுதான் இலக்குவனிடம் தீ மூட்டச் சொல்கிறாள். அக்கினி அவளைத் திருப்பித் தந்ததும், எனக்குத் தெரியும், உலகத்துக்காகச் செய்தேன் என்கிறான் ராமன்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பிற்காலச் சேர்க்கை என்று ஆய்வாளர் பலரும் கருதும் உத்தர காண்டத்தில் ஊர்ப்பேச்சு மறுபடி கிளம்புகிறது. கர்ப்பிணியான ராணி காட்டில் விடப்படுகிறாள். ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, இன்னொரு தடவை சபையில் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இந்த முறை அவள் தீயில் இறங்கவில்லை. தாயான பூமியைப் பிளக்கச் சொல்லி உள்ளே போய்விடுகிறாள். பின்வந்த கவிஞர்களுக்கு விடப்பட்ட சிக்கல் இதுதான்.

காளிதாசன் 'ரகுவம்ச'த்தின் பதினான்காம் சருக்கத்தில் காட்டில் விடப்பட்ட சீதையைப் பேச வைத்தான். கணவனுக்குச் சொல்லியனுப்பும் செய்தியில் அவள் ராமனை அரசன் என்றே குறிப்பிடுகிறாள். தீயில் தூய்மை கண்ட பிறகும் ஊர்ப்பேச்சுக்காகக் கைவிட்டது உன் குலத்துக்குத் தகுமா என்று கேட்கிறாள். எட்டாம் நூற்றாண்டு பவபூதி இன்னும் ஒரு படி போனான். அவனுடைய 'உத்தரராமசரித' நாடகத்தில் ராமன் அழுது அழுது மூர்ச்சையாகிறான். அவன் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் நிற்கும் சீதை தொட்டு எழுப்புகிறாள். முடிவில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். பூமி பிளந்த கதையை மேடையில் முடிவாக வைக்கப் பவபூதிக்கு மனம் வரவில்லை.

கம்பன் பிரச்சினையை இன்னும் முன்னாலேயே பிடித்துக்கொண்டான். வால்மீகியின் ராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனின் ராவணனோ அவளைத் தீண்டுவதே இல்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். அசோகவனத்தில் அந்தக் குடிசைக்குள்ளேதான் சீதை இருக்கிறாள். வாசகனுக்கு ஐயம் எழ வழியே இல்லாமல் கதையை மாற்றியாயிற்று. ஆனால் மீட்சிப் படலத்து ராமனின் வாயைக் கம்பன் அடைக்கவில்லை. அங்கே வரும் சொற்கள் வால்மீகியில் உள்ளவற்றைவிடக் கடுமையானவை. அவள் குற்றமற்றவள் என்று நமக்குத் திட்டமாகத் தெரிந்திருப்பதால் அந்தச் சொற்கள் கூடுதலாகவே சுடுகின்றன. சீதை இறங்கியதும் வெந்துபோவது அக்கினி தேவன்தான். அவளுடைய கற்பின் வெம்மை தாங்காமல் அவனே அலறுகிறான்.

இதே சீதை சுந்தர காண்டத்தில் அனுமனிடம் பேசும்போது, தன் சொல் ஒன்றே உலகங்களைச் சுட்டெரிக்கப் போதும், ராமனின் வில்லுக்கு இழுக்கு வரக்கூடாது என்றுதான் பொறுத்திருக்கிறேன் என்கிறாள். சிறையிலிருப்பவள் பலமற்றவள் என்ற எண்ணத்தை அந்த ஒரு பேச்சு கலைத்துவிடுகிறது. கம்பன் பட்டாபிஷேகத்தோடு காப்பியத்தை முடித்தும்விட்டான். தமிழில் உள்ள உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குவது.

வடக்கே 1574இல் 'ராமசரிதமானஸ்' எழுதத் தொடங்கிய துளசிதாசர், 'அத்யாத்ம ராமாயண'த்தில் இருந்த ஓர் உபாயத்தை எடுத்துக்கொண்டார். கடத்தப்பட்டது சீதையே அல்ல, மாய சீதை. உண்மைச் சீதை முன்கூட்டியே அக்கினியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாள். போர் முடிந்து தீ மூட்டப்பட்டபோது மாயை எரிந்து நிஜம் வெளியே வந்தது. சோதனை என்ற ஒன்றே நடக்கவில்லை, நடந்தது ஆள்மாற்றம். பக்தர்களின் மனம் ஆறியது. ஆனால் இந்த வழியில் சிறையும் சீதையின் துயரும் மாயையின் கணக்கில் போய்விடுகின்றன.

சமண, பௌத்த எழுத்தாளர்களுக்கு ராமன் அவதாரமல்ல. அதனால் அவர்களுக்குத் தயக்கம் குறைவு. விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய 'பௌமசரிய'த்தில் ராவணனைக் கொல்பவன் இலக்குவன். தீச்சோதனை அங்கேயும் உண்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு நடக்கிறது. சீதை இறங்கியதும் தீக்குழி தண்ணீர்த் தடாகமாகிறது. ராமன் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு அழைக்கிறான். சீதை போகவில்லை. அங்கேயே தன் தலைமயிரைக் கையால் பிடுங்கி எறிந்துவிட்டுத் துறவு கொள்கிறாள். சோதனையில் வென்றவள் பரிசை வேண்டாமென்று சொல்லும் கதை இது.

இலங்கையின் விகாரைகளில் பேணப்பட்ட பாலி ஜாதகக் கதைகளில் 'தசரத ஜாதகம்' ஒன்று. அதில் ராவணனும் இல்லை, இலங்கையும் இல்லை. தசரதன் காசியை ஆள்கிறான். சீதை ராமனின் தங்கை. ராமனும் இலக்குவனும் சீதையும் இமயமலைப் பக்கம் போய் வாழ்ந்து திரும்பியதும் சீதையையே ராமனின் பட்டத்தரசியாக்குகிறார்கள். அண்ணன் தங்கை மணம் புத்தர் பிறந்த சாக்கியர் குலத்து மரபுக் கதைகளில் வருவதுதான். கடத்தலே நடக்காததால் தீ மூட்ட வேண்டிய தேவையும் வரவில்லை.

இலங்கையிலேயே எழுந்ததாகச் சொல்லப்படும் சீதை காவியமும் உண்டு. குமாரதாசன் பாடிய 'ஜானகீஹரணம்' என்ற வடமொழி நூல். அவன் ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட குமாரதாதுசேன மன்னனே என்பது சிங்கள மரபு. ஆய்வாளர் எல்லோரும் அதை ஏற்பதில்லை. மூலநூல் கைக்குக் கிடைக்காமல் போய், சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் பழைய சிங்கள உரை மட்டும் எஞ்சியிருந்தது. அந்த உரையிலிருந்து சுலோகங்களை மீட்டெடுத்து 1891இல் தர்மாராம தேரர் அச்சேற்றினார்.

அரசவைக்கு வெளியே, கண்டி மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் இன்னொரு சீதை இருக்கிறாள். கொஹொம்ப கங்காரிய என்ற இரவு முழுதும் ஆடும் சடங்கோடு சேர்ந்த கதையில் வருகிறவள். விஜயனால் கைவிடப்பட்ட குவேனியின் சாபம் பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பிடிக்கிறது. அதைத் தீர்க்க, பூவில் பிறந்த மலைய ராசன் வரவேண்டும். அந்த மலைய ராசனின் பிறப்பைச் சொல்லும்போது சீதை வருகிறாள். ராவணன் எப்படி இருந்தான் என்று கேட்ட ஒருத்திக்குச் சீதை வாழையிலையில் அவன் உருவத்தை வரைந்து காட்டுகிறாள். ராமன் திடீரென்று வந்துவிட, இலையைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கிறாள். ராமன் உட்கார்ந்ததும் கட்டில் நடுங்குகிறது. இலை அகப்படுகிறது. கொன்றுவிடு என்று தம்பியிடம் கட்டளை. தம்பியோ அவளைக் காட்டில் விட்டுவிட்டு, மிருக இரத்தம் தோய்ந்த வாளைக் கொண்டுபோய்க் காட்டுகிறான். தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பறை முழங்க நடக்கும் சடங்குக்குப் பின்னால் இப்படி ஒரு ராமாயணம் இருப்பது லயத்தில் வாழ்பவர்களில் பலருக்குத் தெரியாது.

ராவணன் படம் வரையும் இந்தக் கட்டம் ஆசியா முழுக்கத் திரிந்திருக்கிறது. மலாயிலும் தாய்லாந்திலும் சொல்கிறார்கள், வங்காளத்திலும் சொல்கிறார்கள். தெலுங்குப் பெண்கள் வீட்டுக்குள் பாடும் பாட்டுகளில் அது வரும் விதம் தனி அழகு. சூர்ப்பணகை துறவிப் பெண் வேடத்தில் வந்து படம் கேட்கிறாள். நான் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை, கால் பெருவிரலைத்தான் பார்த்தேன் என்கிறாள் சீதை. அதை மட்டும் வரைகிறாள். மிச்ச உடம்பைச் சூர்ப்பணகை வரைந்து முடித்துவிடுகிறாள். குனிந்த தலை நிமிராமல் இருந்ததற்கும் தண்டனை உண்டு என்பதைப் பெண்கள் ஒரு பெருவிரலை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தின் மைமன்சிங் பகுதியில் வாழ்ந்த சந்திராவதி, ராமாயணத்தையே பெண் பக்கமிருந்து பாடினாள். அவளுடைய பாட்டு அயோத்தியில் தொடங்கவில்லை, சீதையின் பிறப்பில் தொடங்குகிறது. போர் சில வரிகளில் கடந்துபோகிறது. சீதை தன் துன்பத்தைத் தோழியரிடம் மாதம் மாதமாகச் சொல்கிறாள். ராமனின் அறிவு கலங்கியதென்று சந்திராவதி நேராகவே கண்டிக்கிறாள். இது முழுமையில்லாத நூல் என்று சொல்லிப் பண்டிதர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சீதையே ஆயுதம் எடுக்கும் கதைகளும் உண்டு. வடமொழி 'அற்புத ராமாயண'த்தில் பத்துத் தலை ராவணனை ராமன் வென்றபின், ஆயிரம் தலை ராவணன் ஒருவன் இருப்பதை அவள்தான் சொல்கிறாள். போரில் ராமன் மூர்ச்சித்து விழ, சீதை காளியாகி அந்த ராவணனை அழிக்கிறாள். தமிழில் நூறு தலை ராவணனை அவள் கொல்லும் சதகண்ட ராவணன் கதை நாட்டார் வழக்கில் உண்டு. 

இருபதாம் நூற்றாண்டில் கேள்வியின் திசையே மாறியது. 1919இல் மலையாளத்தில் குமாரன் ஆசான் 'சிந்தாவிஷ்டயாய சீதா' எழுதினார். வால்மீகி ஆசிரமத்தில் ஒரு மாலைப்பொழுது, சீதை தனியே உட்கார்ந்து யோசிக்கிறாள். தவம் செய்த சூத்திரன் சம்பூகனைக் கொன்றது முதல் தன்னைக் கைவிட்டது வரை கணவனின் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறாள். பாட்டு முழுவதும் அந்த யோசனைதான்.

தமிழில் அதற்குச் சமமாக நிற்பது 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்'. கதையின் நாயகி அகலிகை. ராமன் காலடியால் கல் நீங்கிப் பெண்ணானவள். பட்டாபிஷேகத்துக்குப் பிறகு ராமனும் சீதையும் அவள் குடிசைக்கு வருகிறார்கள். பெண்கள் இருவரும் தனியே பேசும்போது, சீதை சிரித்துக்கொண்டே தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகைக்கு நம்ப முடியவில்லை. தன்னை மன்னித்தவனா இதைக் கேட்டான்? ஊருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது என்ற சீதையின் பதிலில் ஒரு கசப்பு ஓடுகிறது. அவர்கள் போன பிறகு அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். சீதையின் தீயைப் பற்றி எழுத, புதுமைப்பித்தன் தீயைக் காட்டவே இல்லை. அதைக் காதால் கேட்ட இன்னொருத்தியின் உடம்பில் அது என்ன செய்தது என்று மட்டும் காட்டினார். ராமன் தந்த விமோசனத்தை ராமனின் செயலே திருப்பி எடுத்துக்கொண்டது.

அம்பையின் 'அடவி' கதையில் சீதை காட்டிலிருந்து தன் கதையைத் தானே எழுதுகிறாள். ராவணன் அவளுக்கு வீணை சொல்லித்தர வருகிறான். தெலுங்கில் வோல்காவின் 'விமுக்தா' தொகுப்பு 2015இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் சீதை சூர்ப்பணகையையும் அகலிகையையும் ரேணுகையையும் ஊர்மிளையையும் சந்தித்துப் பேசுகிறாள். 1977இல் அரவிந்தன் எடுத்த 'காஞ்சன சீதா' என்ற மலையாளப் படத்தில் சீதையாக நடிக்க ஆளே இல்லை. காற்றும் ஆறும் காடுமே சீதை.

வால்மீகியில் அவள் பதில் சொன்னாள். காளிதாசனில் அவள் கேள்வி அனுப்பினாள். புதுமைப்பித்தனுக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவன் ராமன் என்றாகிவிட்டது.

மலையகத்தில் இந்தத் தீச்சோதனை வேறு விதமாகவும் உறைக்கும். 1820களில் தொடங்கி, கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனோடும் காமன் கூத்தோடும் மார்கழி பஜனையோடும் ராமர் கதையையும் கொண்டுவந்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அவர்களிடம் கேட்கப்பட்டது நிரூபணம்: தகப்பன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி எங்கே? மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்களிடம் அந்தக் கடதாசி இருக்கவில்லை. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் பெற்ற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் ராமன் வந்த கடலைத்தான் எதிர்த்திசையில் கடந்தார்கள். எஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. தான் யாரென்று திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்லப்பட்டவளின் கோயில் இந்த மக்களின் பாதையில் இருப்பது தற்செயல்தான். ஆனால் அங்கே கும்பிட்டு நிற்கும் தோட்டத்துப் பெண்ணுக்குச் சீதையின் சங்கடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் சீதையைச் சுற்றிப் புதிதாக ஒரு கதை இந்த மலைகளில் கேட்கிறது. சிங்கள மக்களிடையே ராவணன் அண்மைக் காலத்தில் பெரும் அரசனாக, அறிவாளியாக மறுபிறப்பு எடுத்திருக்கிறான். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செய்மதிக்கு 'ராவணா 1' என்று பெயர். அந்த ராவணன் பெண்ணைக் கடத்தியவனாக இருக்க முடியாது அல்லவா? அதனால், சீதை அவனுடைய சொந்த மகள், அவளைப் பாதுகாக்கவே கொண்டுவந்தான் என்று இப்போது சொல்கிறார்கள். கேட்பவர்கள் இதைப் புதுக்கதை என்று நினைக்கிறார்கள். ஆனால் சீதை ராவணனின் மகள் என்பதைச் சங்கதாசர் என்ற சமணத் துறவி 'வசுதேவஹிண்டி' என்ற பிராகிருத நூலில் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் குணபத்திரரின் 'உத்தரபுராணம்' அதைத் திருப்பிச் சொன்னது. மலாய் மொழியின் 'ஹிகாயத் சேரி ராம'விலும் அது இருக்கிறது. பெற்ற மகளென்று அறியாமல் ஆசைப்பட்டு அழிந்தவன் அந்த நூல்களின் ராவணன். அறிந்தே காத்தவன் இன்றைய ராவணன். இன்றைய கதையை அப்படியே எடுத்துக்கொண்டால் அவள் இருந்தது தகப்பன் வீடு. ராமனின் சந்தேகத்துக்கு இடமே இல்லை, தீ மூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் சீத்தா எலியவில் ஆட்களை ஏற்றும் சுற்றுலா வான்கள், அடுத்த நிறுத்தமாகத் திவுரும்பொலவுக்குத்தான் போகின்றன.